பழைய டிரையர் கிளம்பத் திணறுகிறதா? மோட்டார் வாங்கும் முன் பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பேஸ்மென்ட்டில் பதினைந்து, இருபது வருடமாக உழைத்த, துணி உலர்த்தும் டிரையர்களுக்கு வரும் வியாதி இது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் டிரம் உடனே சுற்றாது. 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நிற்கும். மறுபடி அழுத்தினால் கிளம்பும். சில வாரம் கழித்து மூன்று, நான்கு முறை அழுத்த வேண்டியிருக்கும். கடைசியில் கையால் டிரம்மைத் தள்ளிவிட்டால்தான் ஓடும் என்ற நிலைக்கு வரும். இந்த இடத்தில் பலர் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டி, மோட்டார் வாங்குகிறார்கள், அல்லது மெஷினையே மாற்றுகிறார்கள். போயிருக்கலாம்தான். ஆனால் முனகும் மோட்டார்களில் கணிசமானவை நல்ல மோட்டார்கள். இழுக்க முடியாத பாரத்தை இழுக்கச் சொல்வதுதான் அவற்றின் பிரச்சினை. இரண்டில் எது என்பதை, மோட்டாரையும் டிரம்மையும் இணைக்கும் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கீழே சொல்வது பெரும்பாலும் வேர்ல்பூல் தயாரித்த 29 அங்குல அகல டிரையர்களுக்கு. பஞ்சு வடிகட்டியை மேற்பலகையில் செருகும் மாடல்கள் இவை. சியர்ஸ் கடைகள் கென்மோர் என்ற பெயரில் விற்றவற்றில் மாடல் எண் 110 என்று தொடங்கினால் அதுவும் வேர்ல்பூல் செய்ததுதான். மேடேக் நிறுவனத்தை 2006-ல் வேர்ல்பூல் வாங்கியது. அதற்குப் பிறகு வந்த பல மேடேக் டிரையர்களின் உள்ளேயும் இதே சாமான்கள்தான். சியர்ஸ் கனடா 2018 ஜனவரியில் கடைசிக் கடைகளையும் மூடிவிட்டதே, இனி பாகம் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம். வேர்ல்பூல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். இப்போது பல எண்களுக்கு முன்னால் 'டபிள்யூபி' என்று சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். வடிகட்டி கதவுக்குள் இருந்தால் உங்களுடையது 27 அங்குல வகை. கோளாறின் தன்மை அதிலும் ஒன்றுதான். திறக்கும் விதமும் பாக எண்களும் மாறும்.

முதலில் காதைக் கொடுங்கள்

பொத்தானை அழுத்தும்போது சத்தமே வரவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. அது வேறு கதை, ஒப்பீட்டில் எளிதான கதை. பிரேக்கர், கதவு சுவிட்ச், தெர்மல் ஃபியூஸ், ஸ்டார்ட் சுவிட்ச், டைமர் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கதவைத் திறந்து சுவிட்சை விரலால் அழுத்தினால் 'டிக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கதவை முழங்காலால் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடுகிறது என்றால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, அல்லது கதவின் கொக்கி தொய்ந்திருக்கிறது. தெர்மல் ஃபியூஸ் (எண் 3392519) பின்பலகையைக் கழற்றினால் புளோவர் (காற்றை வெளியே தள்ளும் விசிறி) கூட்டின் மேல் தெரியும், விரல் நீள வெள்ளை பிளாஸ்டிக் துண்டு. 91 டிகிரி செல்சியஸில் அறுந்துவிடும்; ஒருமுறை அறுந்தால் மறுபடி சேராது. வயர்களைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்ய ஓம் காட்ட வேண்டும். அறுந்திருந்தால் மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள், அது சும்மா அறுவதில்லை. வென்ட் குழாய் (ஈரக் காற்று வெளியே போகும் குழாய்) அடைத்திருக்கும். இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்து ஓட்டும் 'தந்திரம்' இணையத்தில் உலவுகிறது. வீட்டைக் கொளுத்துவதற்கு அதைவிட எளிய வழி கிடையாது.

முனகல் கேட்கிறது, சுற்றவில்லை என்றால் மின்சாரம் மோட்டார்வரை வந்துவிட்டது. கதவு சுவிட்சையும் தெர்மல் ஃபியூஸையும் மறந்துவிடலாம். இந்தப் பதிவின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

பொத்தானைப் பிடித்திருக்கும்வரை ஓடி, விட்டதும் நிற்கிறது என்றால் சந்தேகம் மோட்டாரின் தலையில் இருக்கும் மையவிலக்கு சுவிட்ச் மேல். காலையில் முதல் சுமைக்குக் கிளம்பிவிடுகிறது, அது முடிந்து உடனே இரண்டாவது சுமை போட்டால் கிளம்பவில்லை, அரை மணி கழித்துக் கிளம்புகிறது என்றால் மோட்டார் சூட்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் கடைசியில் பார்ப்போம்.

முனகும்போது ஒரு கட்டுப்பாடு: ஐந்து வினாடிக்கு மேல் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். சுற்றாத மோட்டார் ஓடும் மோட்டாரைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அத்தனையும் சூடாக மாறும். உள்ளே இருக்கும் ஓவர்லோட் பாதுகாப்பு 'டக்' என்று துண்டித்து, ஆறிய பிறகு தானே சேர்ந்துகொள்ளும். ஆனால் அதைத் தினமும் சோதித்துக்கொண்டிருந்தால் சுருளின் வார்னிஷ் கருகும். திணறிய நல்ல மோட்டார் அப்படித்தான் நிஜமாகவே செத்துப்போகிறது.

மோட்டார் ஏன் முனகுகிறது

இந்த டிரையர்களில் இருப்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன் அளவுள்ள ஸ்ப்ளிட்-ஃபேஸ் மோட்டார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,725 சுற்று. உள்ளே இரண்டு சுருள்கள்: ஓடுவதற்கு மெயின் சுருள், கிளம்புவதற்கு ஸ்டார்ட் சுருள். மெயின் சுருள் மட்டும் இருந்தால் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர சுழலாது. அதனால் ரோட்டருக்கு (மோட்டாரின் நடுவில் சுழலும் பாகம்) எந்தப் பக்கம் போவது என்றே தெரியாமல் நின்ற இடத்தில் நடுங்கும். அந்த நடுக்கம்தான் முனகல். ஸ்டார்ட் சுருள் சேர்ந்தால்தான் புலம் ஒரு திசையில் நகர்ந்து ரோட்டரை இழுக்கும். வேகம் முக்கால்வாசியை எட்டியதும் மையவிலக்கு சுவிட்ச் ஸ்டார்ட் சுருளை வெட்டிவிடும். அதே சுவிட்சின் இன்னொரு தொடர்புதான் ஹீட்டருக்கு வழிவிடுகிறது. மோட்டார் ஓடாமல் ஹீட்டர் மட்டும் எரிந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

ஆகவே கையால் தள்ளிவிட்டதும் ஓடுகிறது என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்டார்ட் சுருள் வேலை செய்யாவிட்டாலும் தள்ளினால் ஓடும். ஸ்டார்ட் சுருள் நன்றாக இருந்து, டிரம்மைத் தாங்கும் ரோலர்கள் இறுகிப் பாரம் கூடியிருந்தாலும் தள்ளினால் ஓடும். வோல்டேஜ் குறைந்திருந்தாலும் தள்ளினால் ஓடும். தள்ளி ஸ்டார்ட் செய்யும் ஸ்கூட்டரைப் போலத்தான். பேட்டரியா, பிளக்கா என்று அது சொல்லாது.

வோல்டேஜைச் சந்தேகியுங்கள், மெஷினைத் திறக்கும் முன்

மின்சார டிரையருக்கு வருவது 240 வோல்ட், இரட்டை 30 ஆம்பியர் பிரேக்கர் வழியாக. ஹீட்டர் இரண்டு லைனுக்கும் நடுவில் 240-ல் எரிகிறது. மோட்டார் ஒரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 120-ல் ஓடுகிறது. இதனால் ஒரு விசித்திரம்: நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருந்தால் ஹீட்டருக்கு எந்தக் குறையும் தெரியாது, மோட்டார் மட்டும் திணறும். சூடு நன்றாக வருகிறது, கரண்ட் சரிதான் என்று நினைத்து இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் விடுவது சகஜம்.

எவ்வளவு திணறும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளம்பும் நொடியில் மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கோ கருகிய தொடர்பு ஒன்று 1 ஓம் தடை கொடுக்கிறது. அந்த இடத்திலேயே 20 வோல்ட் தொலைந்துவிடும். 120 இருக்க வேண்டிய இடத்தில் 100. மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், மிஞ்சுவது 69 சதவீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. ஆனால் மோட்டார் நிற்கும்போது மீட்டரை வைத்தால் சரியாக 120 காட்டும், ஏனென்றால் கரண்ட் ஓடாதபோது அந்த 1 ஓம் எதையும் தின்பதில்லை. அளவைப் பொத்தானை அழுத்தும் நொடியில் எடுத்தால்தான் பொருள் உண்டு.

பார்க்க வேண்டிய இடங்கள்: மெஷினின் பின்னால் பவர் கார்டு வந்து சேரும் டெர்மினல் பிளாக், சுவரில் உள்ள அவுட்லெட், பேனலில் பிரேக்கர். பிரேக்கரை இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, பிளாக்கின் மூடியைத் திறந்தால் நடு முனைதான் நியூட்ரல். பழுப்பேறியிருக்கிறதா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா, ஸ்க்ரூ தளர்வா என்று பாருங்கள். கருகிய பிளாக்கை மாற்றும்போது கார்டையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய வளையத்தைப் புதுப் பிளாக்கில் மாட்டினால் சில மாதத்தில் அதே கதைதான். 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் நடுவரை கட்டிய வீடுகளில் அலுமினிய வயரிங் இருக்கலாம். அலுமினியம் சூட்டில் விரிந்து சுருங்கி ஸ்க்ரூவின் கீழ் தளரும். அவுட்லெட், பேனல் வேலை என்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது டெர்மினல் பிளாக்கில் அளப்பதும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்.

மூன்று பின், நான்கு பின் பிளக் குழப்பமும் இங்கேதான் வருகிறது. அமெரிக்க மின் விதிகள் 1996 முதல் புது இணைப்புகளுக்கு நான்கு வயர் வேண்டும் என்கின்றன. பழைய மூன்று பின் டிரையரில் நியூட்ரலை உடலோடு இணைக்கும் பட்டை ஒன்று இருக்கும். நான்கு பின் கார்டுக்கு மாற்றும்போது அந்தப் பட்டையை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் நியூட்ரல் கரண்ட் மெஷினின் தகரத்திலும் ஓடும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 240-க்குப் பதில் 208 வோல்ட் வருவதுண்டு. அதனால் ஹீட்டர் முக்கால் பங்கு சூடுதான் தரும், துணி காய நேரமாகும். மோட்டாருக்கு அப்போதும் 120 கிடைப்பதால் கிளம்புவதில் தொல்லை இருக்காது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

திறப்பது

பிளக்கைப் பிடுங்குங்கள். காஸ் டிரையர் என்றால் வால்வையும் மூடுங்கள். இழுக்கும்போது காஸ் குழாய் மடங்காமல் பார்க்க வேண்டும். பஞ்சு வடிகட்டியை உருவினால், அது நுழையும் வாயின் ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றுங்கள். மேற்பலகையை முன்பக்கம் இரண்டு கிளிப்புகள் பிடித்திருக்கும், ஒவ்வொரு மூலையிலிருந்தும் சுமார் 2 அங்குலம் உள்ளே. பெயின்டர்கள் வைத்திருக்கும் பட்டைக் கத்தியைத் துணியில் சுற்றி இடுக்கில் நுழைத்து அழுத்தினால் விடுபடும். பலகையைப் பின்பக்கமாகச் சாய்த்துச் சுவரில் அணைவாக நிறுத்தலாம்.

முன்பலகையின் உள்பக்க மேல் மூலைகளில் அறுகோண ஸ்க்ரூ இரண்டு. கழற்றும் முன் கதவு சுவிட்ச் வயரின் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். முன்பலகைதான் டிரம்மின் முன்விளிம்பைத் தாங்குகிறது. அதை எடுத்ததும் டிரம் தொங்கும். ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அடியில் கை விட்டு ஐட்லர் புல்லியை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சிறு சக்கரம்) தள்ளினால் பெல்ட் தொய்யும். மோட்டார் புல்லியிலிருந்து உருவிவிடலாம். தகர விளிம்புகள் கத்தி மாதிரி வெட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மாட்டியிருந்த விதத்தைத் திறக்கும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்பச் சேர்க்கும்போது முழிக்க வேண்டாம்.

இப்போது கையால் மூன்று சோதனை. டிரம்மைச் சுற்றுங்கள்: பெல்ட் இல்லாமல் எளிதாக உருண்டு, விட்ட பிறகும் கொஞ்சம் ஓட வேண்டும். கரகரத்தாலும், ஓரிடத்தில் இறுகினாலும், தட்டுத் தட்டாகச் சுற்றினாலும் குற்றம் டிரம் பக்கம். ஐட்லர் சக்கரத்தை விரலால் சுழற்றுங்கள்: சத்தமில்லாமல், ஆட்டமில்லாமல் சுற்ற வேண்டும். கடைசியாக மோட்டார் புல்லி: விரலால் சுண்டினால் இரண்டு மூன்று சுற்றாவது போக வேண்டும். அதோடு புளோவரும் சேர்ந்தே சுற்றுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு அந்த முக்கியமான சோதனை. பெல்ட்டைத் தொங்கவிடாமல் டிரம்மின் மேல் ஒதுக்கிக் கட்டிவிட்டு, முன்பலகையைத் திரும்ப மாட்டுங்கள், கதவு சுவிட்ச் வயரைச் செருகுங்கள். டைமரைச் சூடில்லாத காற்று நிலையில் வையுங்கள். கை, கருவி எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துக்கொண்டு பிளக்கைச் செருகி ஸ்டார்ட் அழுத்துங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் பெல்ட் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் சிறு சுவிட்ச் ஐட்லர் பக்கத்தில் இருக்கும். அதன் கையைப் பிளக் இல்லாதபோதே டேப் போட்டு அழுத்தி வைக்க வேண்டும், சோதனை முடிந்ததும் மறக்காமல் எடுக்க வேண்டும்.

மோட்டார் உடனே, தயங்காமல், 'விர்' என்று கிளம்பினால் நல்ல செய்தி. மோட்டார் வாங்க வேண்டியதில்லை. பாரம் இல்லாதபோதும் முனகினால் ஒன்று புளோவரில் ஏதோ சிக்கியிருக்கிறது, இல்லை மோட்டார் அல்லது அதன் சுவிட்ச், இல்லை நாம் மேலே பார்த்த வோல்டேஜ்.

பாரம் எங்கிருந்து வருகிறது

பின்சுவரில் இரண்டு ரோலர்கள் டிரம்மின் பின்விளிம்பைத் தாங்குகின்றன. மற்ற வகைகளில் சிலவற்றுக்கு முன்னாலும் இரண்டு உண்டு. ரப்பர் விளிம்பு, நடுவில் துளை, அதில் இரும்புத் தண்டு. பஞ்சுப் பிசிறு தண்டில் சுற்றிக்கொண்டு இறுகும், அல்லது துளை நீள்வட்டமாகத் தேயும். முக்கோண வடிவ கிளிப்பை நெம்பி எடுத்தால் ரோலர் கழன்று வரும். தண்டில் விரலைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் தண்டையும் மாற்றுங்கள். பள்ளம் விழுந்த தண்டில் புது ரோலர் போட்டால் ஆறு மாதம் தாங்கினால் அதிசயம். பள்ளம் இல்லையென்றால் பச்சை நிறத் தேய்ப்பானால் மெருகேற்றித் துடைத்தால் போதும். ஒரு ரோலர்தான் கெட்டிருக்கிறது என்றாலும் இரண்டையும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். உழைத்த காலம் இரண்டுக்கும் ஒன்றுதானே.

பெல்ட், இரண்டு ரோலர், ஐட்லர் எல்லாம் சேர்ந்த கிட் 4392065 என்ற எண்ணில் வருகிறது. 29 அங்குல மாடல்களுக்குப் பெல்ட் தனியாக வேண்டுமென்றால் 341241: நீளம் 92¼ அங்குலம், அகலம் கால் அங்குலம். மெஷினைத் திறந்தாயிற்று என்றால் இந்தக் கிட்டை மொத்தமாகப் போட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் கட்சி. மோட்டார் விலையோடு பார்த்தால் இது சொற்பம், திறந்து மூடும் உழைப்பு இரண்டு தடவை எதற்கு?

அடுத்தது ஃபெல்ட் வளையம். டிரம்முக்கும் பலகைக்கும் நடுவில் கம்பளி போன்ற பட்டை ஓடும். அது கிழிந்த இடத்தில் டிரம் தகரத்தோடு தகரமாக உரசும். இதைவிட அடிக்கடி நடப்பது அந்த இடுக்கில் எதையாவது விழுங்கிவிடுவது: குழந்தையின் சாக்ஸ், நாணயம், ஹேர்பின், பிராவின் கம்பி. பிராவின் கம்பி டிரம்மின் சிறு துளை வழியாகவே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டிங்' என்று தட்டினால் முதலில் அதைத் தேடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. டபிள்யூடி-40 அடித்தால் உடனே சத்தம் நின்றுவிடும், அன்று மாலை முழுக்க நிம்மதி. ஆவியாக வேண்டியது ஆவியானதும் மிஞ்சும் பிசுக்கில் பஞ்சு வந்து ஒட்டி, முன்பைவிடக் கெட்டியாக இறுகும். ரோலர் தண்டுகள் காய்ந்தே ஓடும்படி செய்யப்பட்டவை. தேய்ந்தால் மாற்றுவதுதான் வழி.

கராஜில் டிரையர் வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் மட்டும் இந்தத் திணறல் வரும். உறைநிலைக்குக் கீழே மோட்டார் பேரிங்கின் எண்ணெய் கெட்டியாகிவிடும். பெல்ட் விறைத்து, ஐட்லரில் வளைந்த வளைவிலேயே நிற்கும். ரோலரின் ரப்பரும் டிரம்மின் எடையில் ஒரு பக்கம் தட்டையாகி, முதல் சில நிமிடங்களுக்கு 'டொம் டொம்' என்று சத்தம் கொடுக்கும். இளம் மெஷின் இதைச் சமாளித்துவிடும், கிழட்டு மெஷின் சமாளிக்காது. ஜனவரியில் திணறி ஏப்ரலில் தானே சரியாகிவிட்டது என்றால் மறந்துவிடாதீர்கள். அடுத்த குளிருக்கு முன் கிட்டைப் போட்டுவிடலாம்.

ஈரத்தின் எடையும் ஒரு காரணம். வாஷர் சரியாகப் பிழியாமல், தண்ணீர் சொட்டும் ஜீன்ஸையும் போர்வையையும் திணித்தால் எந்த டிரையரும் முனகும். காலி டிரம்மில் நன்றாகக் கிளம்புகிறது என்றால் வாஷரின் ஸ்பின்னையும் ஒருமுறை பாருங்கள்.

பாரமே இல்லாமலும் முனகினால்

புளோவர் விசிறியைப் பார்க்க அதன் கூட்டைத் திறக்க வேண்டும். வடிகட்டி கிழிந்திருந்தால் பஞ்சு அங்கே அடையாகப் படிந்திருக்கும், சில சமயம் ஒரு நாணயம் இறக்கைக்கும் கூட்டுக்கும் நடுவில் ஆப்பு வைத்திருக்கும். விசிறியைத் தண்டிலிருந்து கழற்றும்போது கவனம்: இந்த வகையில் மரை எதிர்ப்பக்கம் வெட்டப்பட்டது, வழக்கமாக இறுக்கும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் பலம் போட்டால் விசிறியின் நடு பிளாஸ்டிக் உடையும்.

வென்ட் அடைப்பு மோட்டாரின் பாரத்தைக் கூட்டுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இது மையவிலக்கு விசிறி. வெளியேறும் வழியை அடைத்தால் தள்ள வேண்டிய காற்று குறைந்து, பாரமும் குறையும். கெடுதல் வேறு வழியாக வருகிறது. ஈரமும் சூடும் பஞ்சும் வெளியே போகாமல் மெஷினுக்குள் கசிந்து மோட்டாரின் மேல் படியும். துணி காய இரண்டு சுற்று ஓட்ட வேண்டியிருப்பதால் மோட்டார் இரட்டிப்பு நேரம் வேகும். வருடக்கணக்கில் அப்படி வெந்த பேரிங்தான் கடைசியில் கிளம்ப மறுக்கிறது. குழாய் 4 அங்குல வழுவழுப்பான உலோகமாக இருக்கட்டும், வெள்ளை பிளாஸ்டிக் மடிப்புக் குழாய் வேண்டவே வேண்டாம். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகளின் மாதிரித் தொகுப்பு மொத்த நீளத்தை 35 அடி என்று வைக்கிறது; சாதாரண 90 டிகிரி வளைவு ஒவ்வொன்றுக்கும் அதில் 5 அடி கழித்துக்கொள்ள வேண்டும்.

மோட்டாரை மீட்டரால் சோதிக்க அதன் இணைப்பைப் பிரித்துவிட்டு இரண்டு சுருள்களையும் அளக்க வேண்டும். எந்த முனை எது என்பது மெஷினுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கும் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். கட்டுப்பாட்டுப் பலகைக்குள்ளோ முன்பலகையின் பின்னாலோ தேடுங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டு சுருளும் சுமார் 2 முதல் 4 ஓம்வரை காட்ட வேண்டும். ஸ்டார்ட் சுருள் முடிவிலி காட்டினால் சுருளும் அறுந்திருக்கலாம், மையவிலக்கு சுவிட்சின் தொடர்பும் கருகியிருக்கலாம். சுவிட்ச் மோட்டாரின் மேல் ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும். கழற்றிப் பஞ்சைத் துலக்கி, தொடர்பு முனைகளை மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துப் பார்க்கலாம். பள்ளமாகக் கருகியிருந்தால் அந்தத் தேய்ப்பு கொஞ்ச நாளைக்குத்தான். பொத்தானை விட்டதும் நிற்கும் டிரையருக்கும் மருந்து இதே இடத்தில்தான், ஏனென்றால் பொத்தானை விட்ட பிறகு மோட்டாருக்கு மின்சாரத்தைத் தாங்கிப் பிடிப்பதும் இந்த சுவிட்ச்தான். ஸ்டார்ட் பொத்தானின் பின்னால் இருக்கும் சுவிட்சும் (3398094) மலிவானது. அழுத்தியபடி அளந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அந்த 1 ஓம் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

எல்லோரையும் ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. கையால் சுற்றினால் மோட்டார் வெண்ணெய் மாதிரி சுற்றும், சுருள்கள் சரியான ஓம் காட்டும், சுவிட்ச் சுத்தம், வோல்டேஜ் சரி, ஆனாலும் முனகும். புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். நீளவாக்கில் கொஞ்சம் நகர்வது இயல்பு. பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினால் பேரிங் புஷ் தேய்ந்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் காந்தம் ரோட்டரை ஒரு பக்கமாக இழுத்து ஸ்டேட்டரோடு (அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் பாகம்) ஒட்டிவிடுகிறது. மின்சாரம் போனதும் விட்டுவிடுகிறது, அதனால் கைக்குத் தெரிவதில்லை. இதற்கு மருந்து கிடையாது, மோட்டார் மாற்ற வேண்டும் (279827, வாங்கும் முன் உங்கள் மாடல் எண்ணோடு ஒப்பிடுங்கள்).

சூட்டில் மட்டும் மறுக்கும் மோட்டாரும் பெரும்பாலும் இதே பாதையில் போய்க்கொண்டிருப்பதுதான். முதல் சுமை முடியும்போது பேரிங்கில் எண்ணெய் வற்றித் தண்டு விரிந்து இறுகுகிறது, ஓவர்லோட் துண்டிக்கிறது. காற்றோட்டத் துளைகளில் படிந்த பஞ்சை வேக்குவமால் இழுத்துவிட்டு, இரண்டு முனைப் பேரிங்கிலும் மின்மோட்டாருக்கென விற்கும் எஸ்ஏஇ 20 எண்ணெய் இரண்டு துளி விட்டால் சில மாதம் ஓடலாம். புது மோட்டார் வந்து சேரும்வரைக்கான ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: அங்குள்ள டிரையர்கள் பலவற்றில் மோட்டாரோடு கபாசிட்டர் உண்டு, பெரும்பாலும் 7 முதல் 10 மைக்ரோஃபாரட்வரை. அங்கே முனகிக்கொண்டு நின்றால் முதல் சந்தேகம் அதன் மேல். மீட்டரில் அளந்து, எழுதியிருக்கும் அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதே அளவு, அதே அல்லது கூடுதல் வோல்டேஜ் உள்ளதை மாட்டுங்கள். தொடும் முன் அதில் தங்கியிருக்கும் மின்னேற்றத்தை ஒரு தடையம் வழியாக இறக்கிவிட வேண்டும். மேலே பார்த்த அமெரிக்க மோட்டார்களில் கபாசிட்டரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், பெரும்பாலும் இருக்காது.

திரும்பச் சேர்க்கும்போது

பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கம் டிரம்மைத் தொட வேண்டும். ஐட்லரின் அடியில் நுழைத்து மோட்டார் புல்லியில் மாட்டிய பிறகு டிரம்மைக் கையால் மூன்று நான்கு முழுச் சுற்றுச் சுற்றுங்கள்; பெல்ட் பழைய தடத்திலேயே ஓடுகிறதா, எங்காவது முறுக்கியிருக்கிறதா என்று தெரியும். முன்பலகையை மாட்டும்போது டிரம்மின் விளிம்பு ஃபெல்ட்டின் மேல் சரியாக உட்கார வேண்டும். ஃபெல்ட் உள்பக்கம் மடிந்துவிட்டால் புது ரோலர் போட்டும் உரசும். கதவு சுவிட்ச் வயரைச் செருக மறந்துவிட்டு, இப்போது சத்தமே வரவில்லையே என்று பதறுவது அடிக்கடி நடப்பது.

சுவரோடு தள்ளும்போது பின்னால் இருக்கும் வென்ட் குழாய் நசுங்காமல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் காலியாக ஓட்டி நிறுத்தி, உடனே மறுபடி ஸ்டார்ட் அழுத்துங்கள். சூடான மோட்டார் அரை நொடியில் கிளம்பினால் துணியைப் போடலாம்.